எட்டு முதுகில் என் வயிறு

முதலில் அருவருப்பைச் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் எல்லாமே பொய்யாகிவிடும். குடலில் அறுவை சிகிச்சை செய்து, வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. "ஆப்பரேசன் முடிஞ்சது, இப்ப பரவால்ல" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். எனக்கு வரப்போகிறது என்று தெரிந்த அன்று யாராவது ஒருவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் என் பயத்தில் பாதியாவது குறைந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். எனக்குத் தெரிந்த மாதிரிதான் வரும்.

என் வேலை கையுறைத் தொழிற்சாலையில். வரிசையாக மாட்டியிருக்கும் ரப்பர் கையுறைகளில் தண்ணீரை நிரப்பி, விரல் இடுக்கில் எங்காவது ஒரு சொட்டு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடம் இதையே பார்த்திருக்கிறேன். ஒழுகுமோ, ஒழுகுமோ என்று சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதே புத்திதான். காஸ் அடுப்பை இரண்டு முறை பார்ப்பேன், கதவை மூன்று முறை. என் வீட்டுக்காரர் மணியம் கெரேத்தாவில் ஏறி உட்கார்ந்து, நான் மூன்றாம் முறை போய்த் திரும்பும் வரைக்கும் இஞ்சினைக் கிளப்பவே மாட்டார்.

இப்படிப்பட்டவள் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்ததும் டாக்டரிடம் ஓடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். ஓடவில்லை. கவலைப்படுகிறவர்கள் கவலைப்படுவதோடு நிறுத்திக்கொள்வோம். மூலம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கருணைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, எட்டு மாதம் ஓட்டினேன். கடைசியில் உடம்பு இளைத்துப் பாவாடை நழுவ ஆரம்பித்த பிறகுதான் பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டருகே இருக்கும் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முதல் நாள் குடலைக் கழுவ ஒரு மருந்து தருகிறார்கள். உப்பும் எலுமிச்சையும் சோப்பும் கலந்த மாதிரி இருக்கும். நாலு லிட்டர். குடிக்கவும் வேண்டும், கொஞ்ச நேரத்தில் அத்தனையும் போகவும் வேண்டும். சோதனைக்காகக் காத்திருந்த அறையில் என்னைப் போல முகம் வெளுத்த பத்துப் பேர் கையில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மேலே டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடியது. ஒருத்தர் கோழியை நீளவாக்கில் கீறி மசாலா தடவிக்கொண்டிருந்தார். அதை மாற்றச் சொல்ல எங்கள் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

சீனப் பெண் டாக்டர். சின்ன வயது. ஒரு தாளின் பின்பக்கத்தில் பெருங்குடலைக் கவிழ்த்த லாடம் மாதிரி வரைந்து, அதன் கடைசியில், ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேலே, ஒரு வட்டம் போட்டார். கட்டி. புற்றுநோய்தான், ஆனால் வெட்டி எடுக்கலாம் என்றார். எடுத்துவிட்டு இரண்டு நுனியையும் சேர்த்துத் தைப்பார்கள். தைத்த இடம் ஆறும்வரை அந்த வழியில் எதுவும் போகக்கூடாது. அதனால் சிறுகுடலில் ஒரு வளைவை வயிற்றுத் தோல் வழியாக வெளியே இழுத்து, வாய் திறந்து விடுவார்கள். கழிவு அந்த வாய் வழியாக வயிற்றில் ஒட்டியிருக்கும் பையில் விழும். சில மாதம் கழித்து அதை உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பை ஒழுகுமா? சில நேரம் ஒழுகும் என்றார். மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் தாதி வந்து போர்வையை விலக்கிக் காட்டினார். தொப்புளுக்கு வலப்பக்கம், சிவப்பாக, ஈரமாக, தோலுரித்த தக்காளி ஒன்று உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அசைந்தது. சுருங்கி, விரிந்து, பச்சையாக ஒரு திரவத்தைத் துப்பியது. தொட்டுப் பாருங்கள் என்றார் தாதி. அதற்கு வலி தெரியும் நரம்பு கிடையாதாம், கன்னத்தின் உள்பக்கம் மாதிரிதானாம். விரலை வைத்தேன். விரலுக்குத்தான் தெரிந்தது, அதற்குத் தெரியவில்லை. என் உடம்பிலேயே எனக்குச் சொல்லாமல் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. தலையைத் திருப்பி வாந்தி எடுத்தேன். வெறும் வயிறு, கசப்புத் தண்ணீர்தான் வந்தது. தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுப்பது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தஞ்சோங் டாவாய் ஊர் மலாய்க்காரப் பெண், காக் சோம். காக் என்றால் அக்கா. வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர், இவர் நெத்திலி காயவைத்து விற்கிறவர். என் வயதுதான். அவருக்கு ஏற்கெனவே பை உண்டு, நிரந்தரப் பை. வேறு ஏதோ சிக்கலுக்காக மறுபடி படுத்திருந்தார். என் பை முதன்முதலாகச் சத்தம் போட்டபோது வார்டே திரும்பியது போல எனக்குத் தோன்றியது. வாசலில் குழாயைத் திறந்து மூடுகிற மாதிரி ஒரு களக் களக், பிறகு நீளமாக ஒரு முனகல். அடக்க முடியாது. சாதாரணமாக நமக்கு இருக்கிற கட்டுப்பாட்டுத் தசை அந்த வாய்க்குக் கிடையாது. நான் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டேன்.

காக் சோம் "ஹங் மாலு புவாட் அபா?" என்றார். நீ எதுக்கு வெட்கப்படுகிறாய் என்று அர்த்தம். பிறகு தன் போனில் ஒரு பழைய மலாய்ப் பாட்டைச் சத்தமாக வைத்தார். அவருடைய பையும் அதற்கு நடுவில் ஏதோ சொன்னது. எனக்குக் கேட்கவில்லை, அவர் தட்டிக் காட்டினார். இதுதான் வழி, சத்தத்தைச் சத்தத்தால் மூடு என்றார். அன்றிலிருந்து நானும் போனில் தமிழ் வானொலியை வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். சங்கீதம் கேட்டால் காயம் சீக்கிரம் ஆறும் என்று யாரோ சொன்னதற்காக அல்ல. என் வயிறு பேசுவது மற்றவர் காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் நோயாளிகளுக்குக் கலை என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. தன்னார்வலர்களாம். ஆளுக்கொரு தாளும் பன்னிரண்டு கலர் பென்சில் உள்ள பெட்டியும் கொடுத்தார்கள். தாளில் மீன், பூ, பட்டாம்பூச்சி. உள்ளே வண்ணம் அடிக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்தொரு வயதுப் பெண்பிள்ளை மூக்கில் குழாயோடு, வயிற்றில் மலத்தோடு கிடக்கிறேன், பட்டாம்பூச்சிக்கு மஞ்சள் அடிக்கட்டுமா? ஒரு பெண் என் கட்டிலருகில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். காக் சோம் மீனுக்கு அழகாக வண்ணம் அடித்துவிட்டு, இந்த மீனுக்குச் செதில் தப்பு என்று அவர்களிடமே சொன்னார். நான் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டேன். ஆனால் தாளையும் பென்சில் பெட்டியையும் எதற்கென்று தெரியாமல் துணிப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். ஏதோ உடைத்துவிட்டு வந்த முகம். நான் தியேட்டருக்குள் இருந்த ஐந்து மணி நேரமும் வெளியே உட்கார்ந்து வேண்டிக்கொண்டாராம். நாங்கள் முன்பு குடியிருந்த பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நான் பால்குடம் எடுப்பதாக.

"நீங்க எடுக்கறேன்னு வேண்டிக்க வேண்டியதுதானே" என்றேன்.

"உன் உசிருக்கு நான் எடுத்தா ஆத்தா ஒத்துக்குமா?"

தலையில் பால், இடுப்பில் அது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால் வீட்டில் மீன் வாசம்கூட இருக்கக்கூடாது. மாதவிலக்கென்றால் கோயில் பக்கம் தலைவைக்க மாட்டோம். நான் பகலும் இரவும் மலத்தைச் சுமந்துகொண்டிருக்கிறேன். இவர் அம்மனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். எடுக்காவிட்டால் வேண்டுதலை முறித்த பாவம். எடுத்தால் கோயிலைத் தீட்டாக்கிய பாவம். நோய் திரும்பி வந்தால் எந்தப் பாவத்தால் வந்தது என்றுகூட எனக்குத் தெரியப்போவதில்லை. திருவிழாவுக்கு நாலு மாதம் இருந்தது.

கட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, நோய் வேறெங்கும் பரவவில்லை, கீமோ வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் பை மாற்றுவது வாரத்துக்கு இரண்டு முறை, காலையில், சாப்பிடுவதற்கு முன்னால். பழையதைப் பிய்த்து, தோலைக் கழுவித் துடைத்து, புதிய ஒட்டுத் தட்டில் ஸ்டோமாவின் அளவுக்கு ஓட்டை வெட்டி ஒட்ட வேண்டும். ஓட்டை பெரிதானால் கழிவு தோலில் பட்டுப் புண்ணாகும், சின்னதானால் ஸ்டோமாவை நெரிக்கும். தட்டு கொஞ்சம் சூடாக இருந்தால்தான் நன்றாக ஒட்டும். தாதி சொன்னதைக் கேட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் தட்டைத் தன் அக்குளில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி. அவர் அக்குளில் இருந்தது என் வயிற்றுக்கு. இதிலும் எனக்கு அருவருப்புத்தான். ஆனால் ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததில்லை. அவர் சுளிக்காத முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

ஆரம்பத்தில் ஸ்டோமா வீங்கியிருக்கும், ஆறு எட்டு வாரத்தில் சுருங்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சுருங்குகிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு கண்ணாடித்தாளை அதன் மேல் வைத்துச் சுற்றி வரைந்தேன். அதை அப்படியே ஒரு வெள்ளைத்தாளில் படி எடுத்தேன், கலர் பென்சிலில். அந்தப் பட்டாம்பூச்சித் தாளின் பின்பக்கத்தில்தான். அடுத்த வாரம் அதே மையத்தில் வேறு வண்ணம். தோலில் புண் வந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்தேன். கையுறைத் தொழிற்சாலையிலும் இப்படித்தான், ஓட்டை இருந்த இடத்தில் புள்ளி வைத்துப் பதிவோம்.

சத்தத்தை மூட ரேடியோவை வைத்துக்கொண்டுதான் வரைவேன். நாலாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. வரைந்து முடித்த பிறகும் நான் பென்சில் பெட்டியை வைத்துக்கொண்டு, அடுத்த வாரத்துக்கு ஊதாவா, செம்மண் நிறமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டோமா ஒரு பக்கம் முதலில் சுருங்கியது, பிறகு மறுபக்கம். கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக, கோணல் கோணலாக, இதழ்கள் மாதிரி விழுந்திருந்தன. மலம் கழிக்கிற ஓட்டையை நான் ரசித்து வரைந்துகொண்டிருக்கிறேன். எவ்வளவு கேவலம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஊதாவைச் சீவி வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோ சத்தம் அதிகம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அது எனக்கு வேண்டியதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு மாதம் ஆனதும் தைரியம் வந்து வெள்ளிக்கிழமைத் தேவாரக் குழுவுக்குப் போனேன். நோய்க்கு முன்னால் பத்து வருடம் அங்கே பாடியவள். குழுவை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்துக் குடும்பம். எல்லோருக்கும் டீச்சரம்மா. சுருதி அரை இழை தப்பினாலும் நிறுத்திவிடுவார். அன்று நன்றாகவே பாடினேன். பதிகம் முடிந்ததும் வழக்கப்படி எல்லோரும் கண்ணை மூடி ஒரு நிமிடம் மௌனமாக இருந்தோம். அந்த மௌனத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

அது ஆரம்பித்தது. களக் களக், பிறகு முனகல்.

டீச்சரம்மா கண்ணைத் திறக்காமலே, "ஆரிண்ட போன் அது? நிப்பாட்டுங்கோ" என்றார். இரண்டு பேர் கைப்பையைத் துழாவினார்கள். மறுபடி சத்தம், இப்போது இன்னும் நீளமாக. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. என் இடப்பக்கம் இருந்தவர், சேலையைச் சரிசெய்கிற மாதிரி, ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் இரண்டு சாண் நகர்ந்திருப்பேன். அதற்குப் பிறகு வீட்டுப் படி தாண்டவில்லை. டீச்சரம்மா போன் செய்தபோது காய்ச்சல் என்றேன்.

வீட்டுக்காரரிடம் பால்குடம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கட்டாயப்படுத்தவில்லை. சரி என்றார். அந்தச் சரிக்குப் பிறகு ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் என் கொழுந்தன் சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி ஓட்டுகிறவன். ஓய்வு நேரத்தில் உறுமி மேளக் குழு வைத்திருக்கிறான், எட்டுப் பேர். திருவிழா, கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும் போவார்கள். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. தேவாரம் பாடுகிறவளுக்கு அது சங்கீதமே இல்லை, தலைவலி. நாலு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுப் பின்சந்தில் அவர்கள் பயிற்சி எடுத்தபோது தாமான் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து புகார்க் கடிதம் எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. பிறகு அவர்கள் ஊருக்கு வெளியே, பாமாயில் காய்க்கும் செம்பனைக் காட்டுக்குப் பயிற்சியை மாற்றிக்கொண்டார்கள். சேகர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் குறைத்துக்கொண்டான்.

அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தா கோலா மூடா சந்தையிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்தான். முள் இல்லாததாகப் பார்த்து, கழுவி, துண்டு போட்டு. அண்ணிக்கு செரிக்கிற மாதிரி என்றான். அன்று என் தாளில் பன்னிரண்டாவது வண்ணமும் முடிந்திருந்தது. ரேடியோ பக்கத்தில் மேசை மேல் அது கிடந்தது.

"யார் போட்டது அண்ணி, நல்லாருக்கே?"

"நான்தான். சும்மா."

"என்ன இது?"

உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. "தாமரை" என்றேன்.

அவன் போனில் படம் எடுத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பானே. அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து, அடுத்தது தொடங்குவதற்குள் என் பை ஆரம்பித்துவிட்டது. எழுந்து ஓடக்கூட முடியவில்லை. சேகர் தலையைச் சாய்த்து, காரியமாகக் கேட்டான்.

"அப்படியே உறுமி அண்ணி. நம்ப பையன் ஒருத்தன் ரெண்டு வருசமா இழுக்கறான், இந்த முனகல் வரமாட்டேங்குது."

அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவன் பேச்சை மாற்றினான். பால்குடம் எடுக்க மாட்டீங்களாமே, அண்ணன் சொன்னான் என்றான். நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். இந்த அசிங்கத்தைக் கட்டிக்கொண்டு எப்படி ஆத்தா முன்னால் நிற்பது, யாரைக் கேட்பது, குருக்களிடம் எந்த வாயால் கேட்பது.

சேகர் விடவில்லை. "அங்க வர்றவன் எல்லாம் வயித்துக்குள்ள என்ன சந்தனமா வெச்சிருக்கான்? அவனுங்க சும்மா வெச்சிருக்கானுங்க, நீங்க பை போட்டு மூடி வெச்சிருக்கீங்க. பாத்தா நீங்கதான் சுத்தம் லா."

இப்படி ஒரு பதிலை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அருவருப்பான பதில். தீட்டு பயம் ஓரமாக நகர்ந்ததும் அடியில் இருந்த பயம் வெளியே வந்தது. சத்தம். பால் ஊற்றுகிற நேரம் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். தேவாரக் குழுவில் நடந்தது அம்மன் முன்னால் நடந்தால் நான் செத்துப்போவேன்.

"ஒண்ணு கேக்கவா சேகர்" என்றேன். "நான் பால் ஊத்தி முடிக்கிற வரைக்கும் மேளத்த நிறுத்தாம இருக்க முடியுமா?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் புகார்க் கடிதம் முழுவதும் இருந்தது.

"மொத கையெழுத்து போட்டவங்க கேக்கறீங்க" என்றான். "சரி."

டாக்டரிடம் கேட்டேன். கனம் தூக்கக்கூடாது, குடலிறக்கம் வரும், சின்னச் செம்பு என்றால் பரவாயில்லை என்றார். அரை லிட்டர் பால் பிடிக்கிற செம்பு வாங்கினார் என் வீட்டுக்காரர். திருவிழா அன்று காலையில் புதுப் பை. முதல் நாளே ஒரு பையில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுச் சோதித்தேன். அதை வீணாக்கினேன் என்று தெரியும். அதற்கு மேல் வயிற்றுப் பட்டை, அதற்கு மேல் மஞ்சள் சேலை.

தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. வீடுகளை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் நிற்கிறது. திருவிழாவுக்கு எல்லோரும் கெரேத்தாவில் வந்து இறங்குவோம். ஆற்றோரம் பூசை முடிந்து செம்பைத் தலையில் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கையால் செம்பைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். வெயில், வியர்வை, அழுகிய வாழைப்பழ வாசம். எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் குடத்திலிருந்து பால் வழிந்து அவர் முதுகில் புளித்திருந்தது. ஈ மொய்த்தது. வேண்டாம், திரும்பிவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனேன்.

அப்போது சேகரின் குழு எங்களைப் பார்த்து நின்று மேளத்தைத் தொடங்கியது. நாலு வருடத்துக்கு முன் நான் காதைப் பொத்திய சத்தம். இவ்வளவு பக்கத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்தபோது, என் பையில் வருகிற அதே முனகல், நூறு மடங்கு பெரிதாக, வெட்கமே இல்லாமல் வந்தது. மறுபக்கத்து அடி என் தையல் வரைக்கும் அதிர்ந்தது. பை உப்பிக்கொண்டு அசைவது எனக்குத் தெரிந்தது. என்னென்னவோ சொன்னது. ஒருவர் காதிலும் விழவில்லை, என் காதிலேயே விழவில்லை. நாலு மாதத்தில் முதல் முறையாக ஆட்களுக்கு நடுவில் நான் மூச்சை அடக்காமல் நின்றேன். எந்த அடிக்குப் பிறகு எந்த அடி வருகிறது என்று கேட்க ஆரம்பித்தேன். ஏழு அடிக்கு ஒரு முறை சேகர் ஒன்றை வேண்டுமென்றே விழுங்குகிறான். அந்த விட்ட இடத்துக்காகத்தான் மற்ற ஏழும். தேவாரத்தில் இதைத்தான் டீச்சரம்மா பத்து வருடம் சொல்லிக்கொடுத்தார், எனக்கு இங்கேதான் புரிந்தது.

ஊர்வலம் நகர, குழு திரும்பி எங்களுக்கு முன்னால் நடந்தது. புது டீ-சட்டைகள். கறுப்பு. எட்டு முதுகிலும் பெரிதாக, பன்னிரண்டு வண்ணத்தில், சிவப்புப் புள்ளிகளோடு, என் தாமரை.

எனக்குக் கால் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பெண் பக்தியோடு அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தபடி ஒவ்வொரு வளையமாக எண்ணுகிறார். பிறகு மேளத்தை மீறிக் கேட்க என் காதருகே குனிந்தார்.

"அந்தப் பச்சை, தோல் புண்ணான வாரந்தானே?"

ஆமாம். நாலு புள்ளி. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் தனியாக உட்கார்ந்து வரைந்ததாக நினைத்ததை, அக்குளில் தட்டை வைத்துக்கொண்டு இந்த மனிதர் வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கும், வலித்தது, அடக்க முடியவில்லை. செம்பு ஆடிப் பால் நெற்றியில் வழிந்தது. அருள் வந்துவிட்டது என்று நினைத்து யாரோ என் நெற்றியில் விபூதி பூசினார்கள்.

சன்னிதியில் செம்பை வாங்கிக் கையில் கொடுத்தார்கள். கோயில் தலைவர் மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையசைத்தார். சேகர் பார்த்தான். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குழுவோடு இரண்டு அடி முன்னால் வந்தான். தலைவர் மறுபடி கையசைத்தார், வாயால் ஏதோ திட்டினார். சேகர் வேகத்தைக் கூட்டினான். நான் பாலை ஊற்றினேன். கடைசிச் சொட்டு விழும்வரை என் பை அம்மனிடம் தன் பங்குக்குப் பேசியது. வெறும் செம்பைக் கீழே வைத்துவிட்டு சேகரைப் பார்த்துத் தலையாட்டினேன். அதன் பிறகுதான் நிறுத்தினான். வெளியே தலைவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆறு வாரத்துக்கு முன் இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்தது. குடலை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். பை இல்லை. அந்த இடத்தில் இரண்டாவது தொப்புள் மாதிரி ஒரு தழும்பு. இதை எழுதும்போதும் அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. காக் சோமுக்குப் போன் செய்தேன். அவருடையது எப்போதும் இருக்கும். பின்னால் அதே மலாய்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் சேகர் வந்தான். குழுவுக்கு அழைப்பு கூடிவிட்டதாம், எல்லோரும் முதுகில் இருக்கிற தாமரையைத்தான் கேட்கிறார்களாம். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று அது கெடா மாநிலம் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த டீ-சட்டைக்கு நடுவில் இன்னும் ஒரு சுற்று சேர்த்து வரைந்து தர முடியுமா என்று கேட்டான்.

தாளை எடுத்து மேசையில் விரித்தேன். வீட்டுக்காரர் டிவியை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றார். பென்சில் பெட்டியைத் திறந்து, கறுப்பை எடுத்து, எல்லா வளையத்துக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து சேகரிடம் கொடுத்தேன்.

"என்ன அண்ணி, வெறும் புள்ளி?"

"இப்ப அவ்வளவுதான் இருக்கு" என்றேன்.